சோறு வீடு மாறிய கோடை

மினசோட்டா மாநிலத்தில் சோறு வீடு மாறத் தொடங்கியது ஜூலை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அன்றைக்கு செயின்ட் பால் நகரத்தின் கிழக்கோரத்தில் இருந்த தன் வீட்டில் மங்கையர்க்கரசி, ஒன்றரை டம்ளர் பொன்னி அரிசியை மூன்று தண்ணீர் விட்டுக் களைந்து, ரைஸ் குக்கரில் போட்டு, ஆள்காட்டி விரலை அரிசிமேல் நிறுத்தி முதல் கணு முழுகும்வரை தண்ணீர் ஊற்றி, பொத்தானை அமுக்கிவிட்டு, வெண்டைக்காய்ப் புளிக்குழம்பைத் தாளித்து இறக்கிவைத்துவிட்டு வந்து மூடியைத் திறந்தபோது, உள்ளே பொன்னி இல்லை. நீளநீளமாக, பளபளவென்று, தாழம்பூவை எங்கோ தூரத்தில் வைத்த மாதிரி மெல்லிய வாசனையோடு, வேறு யாரோ வடித்த சோறு இருந்தது.

மங்கை கத்தவில்லை. கோவில்பட்டிக்காரிக்குச் சோற்றைப் பார்த்துக் கத்தத் தெரியாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். பதம் அத்தனை கச்சிதம். ஆக்கினது யாராக இருந்தாலும் அடுப்படி தெரிந்த கை. சரி, சூடாறுவதற்குள் போடுவோம் என்று தட்டை எடுத்து வைத்தாள்.

அவள் கணவர் ராஜமாணிக்கம், இருபத்தாறு வருடமாகப் பெண்டாட்டி சமைத்ததை நன்றாக இருக்கிறது என்றும் சொல்லாமல், நன்றாக இல்லை என்றும் சொல்லாமல், முன்னால் நாளிதழைப் பார்த்தும் இப்போது கைபேசியைப் பார்த்தும் சாப்பிட்டு எழுந்து போகிற மனிதர், மூன்றாவது கவளத்தில் தலையைத் தூக்கினார்.

"அரிசி மாத்திட்டியா மங்கை?"

"அரிசி மாறலீங்க. ஆக்குன ஆள் மாறிட்டாங்க."

"ம்" என்றார். இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டார்.

அதே மதியம், ராச்செஸ்டரில் ஒரு கொரியப் பல் மருத்துவர் தன் குக்கரைத் திறந்து கத்தரிப்பூ நிறச் சோற்றைப் பார்த்தார். அந்தக் கத்தரிப்பூ நிறச் சோற்றை ஆக்கிய, லாவோஸ் மலைகளிலிருந்து வந்த மோங் குடும்பம் செயின்ட் பாலின் வடக்கில் ஐந்து தானியம் கலந்த கொரியச் சோற்றைப் பார்த்தது. ஒரு வியட்நாமியத் தம்பதிக்கு மஞ்சள் போட்ட நேபாளிச் சோறு வந்தது. பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருத்திக்குப் பாசுமதி வந்தது, உதிரி உதிரியாக இருக்கிறதே, இதை ஒட்டவைப்பது எப்படி என்று அவள் பக்கத்து வீட்டு லாவோஸ்காரியிடம் போய்க் கேட்டாள். சாயங்காலத்துக்குள் மாநிலம் முழுக்கச் சேதி பரவிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இரண்டு வாரத்தில் விதிமுறைகளும் தெரிந்துபோயின. ஆசியக்காரர்கள் வீட்டு மின்சார ரைஸ் குக்கர்கள் மட்டும் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்திருந்தன. இங்கே ஆக்கியது அங்கே, அங்கே ஆக்கியது இங்கே. யார் முன்னே வைத்தாலும் பின்னே வைத்தாலும் சோறு சூடு ஆறாமல் காத்திருந்து கைமாறியது. அந்தப் பக்கம் உலை வைக்காத நாளில் இந்தப் பக்கம் வெறும் பாத்திரம். குக்கருக்குள் காகிதத்தில் முகவரி எழுதிப் போட்டால் காகிதம் வெந்து அங்கேயே கிடந்தது. தின்கிற பண்டம் மட்டுமே பயணம் போனது. பிரஷர் குக்கர் வைத்திருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஒன்றுமே வரவில்லை. அதில் பாதிப் பேர் நிம்மதிப்பட்டார்கள், மீதிப் பேர் நம்மை மட்டும் விட்டுவிட்டார்களே என்று முகம் வாடி, கடைக்குப் போய் ரைஸ் குக்கர் வாங்கினார்கள். ஓட்ஸ் வேகவைக்க அதே குக்கரை வாங்கிவைத்திருந்த வெள்ளைக்காரர்களுக்கு ஓட்ஸ்தான் கிடைத்தது.

காரணம் என்னவென்று அதிகம் பேர் யோசிக்கவில்லை. அந்த வருடம் மாநில அரசாங்கம் அனுப்பிய படிவத்தில் எல்லோரும் 'ஆசியர்' என்ற ஒரே கட்டத்தில் டிக் அடித்தோமே, அதைப் படித்துவிட்டுச் சோறு நம்மையெல்லாம் ஒரே வீடு என்று நம்பிவிட்டது என்று ஒரு கம்போடியப் பாதிரியார் சொன்னார். இருக்கும் என்று கேட்டுக்கொண்டார்கள். அதைவிட முக்கியமான கவலைகள் இருந்தன. கறி ஆக்குகிற வீட்டுப் பாத்திரத்தில் வெந்த சோற்றைச் சைவர்கள் சாப்பிடலாமா என்று தமிழ்ச் சங்கத்தில் மூன்று மணிநேரம் விவாதித்து, சோற்றில் கறி இல்லாதவரை சோறு சோறுதான் என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை எதிர்த்த ஒருவர் வெளிநடப்புச் செய்தார், பசித்ததும் திரும்பி வந்தார்.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் 'சோற்றுச் சந்தை' கூட்டினார்கள். அவரவர் வீட்டுக்கு வந்த சோற்றை ஒரு கிண்ணத்தில் எடுத்துவந்து மேஜைமேல் வைக்க வேண்டும்; மற்றவர்கள் ஸ்பூனும் கையுமாக வரிசையாகச் சுற்றிவந்து ருசிபார்த்துத் தன் சோறு எதுவென்று சொல்ல வேண்டும். முந்நூறு கிண்ணம். தன் பிள்ளையை அடையாளம் காட்டுகிற மாதிரி ஒவ்வொருவரும் தன் சோற்றைக் கண்டுபிடித்தார்கள். "இது என்னோடது, இது என்னோடது" என்று எட்டு பாஷையில் சத்தம் எழுந்தது. அறுபது வருடமாக ஒரே மாநிலத்தில் இருந்து, ஒருவர் கடைக்குள் ஒருவர் நுழையாதவர்கள், அன்றைக்குக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நீ ஏன் உப்பே போடுவதில்லை, நீ ஏன் இத்தனை தரம் கழுவுகிறாய் என்று சண்டையும் போட்டார்கள்.

மங்கையின் கிண்ணத்தை மட்டும் யாரும் உரிமை கொண்டாடவில்லை. அவளுக்கு அதில் வருத்தமில்லை. உண்மையைச் சொன்னால், அந்த முகம் தெரியாதவளை யாரோடும் பங்குபோட அவளுக்கு மனமில்லை. கண்ணாடிக் கடைக்கு வில்லை தேய்த்துக் கொடுக்கும் பட்டறையில் எட்டு மணிநேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, இருபத்தாறு வருடம் தானே ஆக்கித் தானே போட்டுத் தானே கடைசியில் உட்கார்ந்து சாப்பிட்டவளுக்கு, தினமும் ஒருத்தி சுடச்சுடச் சோறாக்கி அனுப்புகிறாள். அம்மா போன பிறகு அவளுக்கென்று யாரும் உலை வைத்ததில்லை. மூடியைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. இரண்டு பேருக்கு ஆக்குகிறாள், காலையிலேயே ஆக்கிவிடுகிறாள், அரிசியை ஒரு தண்ணீர்தான் களைகிறாள், ஆனால் தண்ணீர் அளவில் ஒரு நாளும் தப்பியதில்லை என்று, பார்க்காத ஒரு பெண்ணைப் பற்றி அவளுக்கு நிறையத் தெரிந்திருந்தது.

ஆகஸ்ட் இரண்டாவது புதன்கிழமை வந்த சோறு குழைந்து களியாகக் கிடந்தது.

ஒரு நாள் யாருக்கும் தவறும் என்று மங்கை நினைத்தாள். வியாழனும் களி. வெள்ளியும் களி. அதோடு அளவும் குறைந்து, ஒரு ஆளுக்கு ஆக்குகிற மாதிரி வந்தது. ராஜமாணிக்கம் கரண்டியைத் தட்டில் தட்டினார்.

"இதென்ன, ஒட்டுற பசையா? உன் ஆளுக்கு என்னாச்சு?"

"அதான் எனக்கும் புரியல."

"குக்கரைத் தூக்கி வெளிய போடு. நாளைக்கே ஒரு பிரஷர் குக்கர் வாங்கிட்டு வாரேன். இப்ப பாதிப் பேர் அப்படித்தான் பண்றாங்க."

அது நிஜம். அதிசயத்துக்கும் ஆயுசு உண்டு. ஒரு மாதம் கட்டிக்கொண்டு நின்றவர்கள் இப்போது தன் அரிசி தனக்கு வேண்டும் என்று குக்கரை ஒதுக்கிவிட்டு அடுப்பில் பாத்திரம் வைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

மங்கை அவர் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் வந்தது தண்ணீர் குடிக்க மட்டும்தான். ஒரு சட்டியில் அரிசியைக் களைந்து வைத்து, "விரலை வைங்க" என்றாள்.

"எதுக்கு?"

"வைங்கன்னா வைங்களேன்."

ராஜமாணிக்கத்தின் நீண்ட ஆள்காட்டி விரலின் முதல் கணு முழுகும்வரை தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தாள். கால்மணி நேரத்தில் சட்டியில் வெந்து நின்றது அதே களி, அச்சு அசல்.

"பாத்தீங்களா? பொம்பள விரல் இல்ல. கை மாறிடுச்சு. சோறாக்கத் தெரியாத ஒரு ஆம்பள, பொண்டாட்டி செய்றதைத் தூரத்துல இருந்து பாத்தவரு, விரல வச்சு அளக்குறாரு. அவ விரலுக்குச் சரியான கணு இவருக்கு அதிகம்னு தெரியல. அவளுக்கு என்னமோ ஆகிப்போச்சுங்க."

"ஊருக்குப் போயிருக்கலாம்."

"ஊருக்குப் போறவ, ஒரு ஆளுக்கு எப்படி ஆக்குறதுன்னு நாலு நாள் சொல்லிக்குடுத்துட்டுத்தான் போயிருப்பா. நான் இப்ப குக்கரைத் தூக்கிப் போட்டா, அந்தப் பக்கம் அவ மூடியத் திறந்து வெறும் பாத்திரத்தப் பாப்பா. அது என்னால ஆகாது."

முடியாமல் கிடப்பவர்களுக்கு என்ன இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் நொய்யும் பாசிப்பருப்பும் போட்டு, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுக் குக்கரிலேயே கஞ்சியாக வைத்தாள். அடுத்த நாளும் அதையே வைத்தாள். மூன்றாம் நாள் வந்த களிக்கு மேலே, நடுவில், யாரோ பார்த்துப் பார்த்து வைத்த மாதிரி, வெந்த இலை ஒன்று இருந்தது. மூன்று விரலாகப் பிரிந்த இலை. கிள்ளி வாயில் போட்டாள், புளித்தது.

புளிச்சகீரை! மங்கைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நம்மாளுங்களா! கஞ்சி சேர்ந்துவிட்டது என்று பதில் சொல்கிறார்கள்.

இங்கேதான் அவள் பத்துப் பன்னிரண்டு நாளை வீணாக்கினாள். புளிச்சகீரை தின்கிறவர்கள் உலகத்திலேயே ஆந்திராக்காரரும் நம் ஊர்க்காரரும்தான் என்பது அவளுக்கு, நமக்கெல்லாம் இருப்பது போலவே, சந்தேகமில்லாத உண்மை. தெலுங்குச் சங்கத்துக்குப் போன் போட்டாள். அவர்களுடைய குழுவில் கேள்வி சுற்றியது. உங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று நாற்பது வீட்டில் விசாரித்தாள். நாற்பது வீட்டிலும் நன்றாக இருந்தார்கள், நாலு வீட்டில், அவர்கள் கோங்குரா என்கிற அதே கீரையில் போட்ட ஊறுகாய் கொடுத்தனுப்பினார்கள். ஊறுகாய் பாட்டில்கள் மேஜையில் வரிசையாக நிற்க, அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். தினமும் வருகிற களியின் அளவு குறைந்துகொண்டே வந்தது. சனிக்கு முந்தின நாள் வந்தது ஒரு கைப்பிடி.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு செயின்ட் பால் விவசாயிகள் சந்தைக்குப் போனார்கள். ராஜமாணிக்கம் கார் ஓட்டுவார், பை தூக்குவார், பேச மாட்டார். அங்கே மாய் யெர் என்ற மோங் பெண்மணியிடம்தான் மங்கை எப்போதும் கீரை வாங்குவது. மாய் யெர் தோட்டத்தில் விளைந்ததைத் தானே கட்டி, தானே வண்டியில் ஏற்றிவந்து, தானே சத்தம் போட்டு விற்கிறவள். அவள் முன்னால் புளிச்சகீரைக் கட்டுகள் மலையாகக் குவிந்து கிடந்தன.

"என்ன இன்னிக்கு இவ்வளவு மிச்சம்?" என்று மங்கை ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அந்தத் தெற்கு ஊர் அம்மா வரலையே. இது அவங்களுக்குன்னு போடுறது. பத்துக் கட்டு ஒரே ஆளா அள்ளிட்டுப் போவாங்க. ரெண்டு சனிக்கிழமையா ஆளைக் காணோம்."

"தெலுங்குக்காரங்களா?"

"தெலுங்கா? அப்படின்னா? அவங்க கரேன் ஆளுங்க. பர்மாப் பக்கத்துல இருந்து வந்தவங்க. இந்தப் புளிப்பு இலை இல்லாம அவங்களுக்குச் சாப்பாடே இறங்காது. ஒனக்குத் தெரியாதா?"

மங்கைக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடம் இந்த மாநிலத்தில் இருந்திருக்கிறாள், தெரியாது. கீரைக்கட்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"அவங்க தனக்கு வர்ற சோத்தைப் பத்தி எதுவும் சொன்னாங்களா?"

மாய் யெர் சிரித்தாள். "சொல்லுவாங்களே! கட்டைக் கட்டையா, வாசனையே இல்லாத ஒரு அரிசி வருதாம். ஆனா பதம் அவ்வளவு அருமையாம். இந்தப் பொம்பள கோபமாவே சமைக்கிறா, ஆனா ஒழுங்கா சமைக்கிறான்னு சொன்னாங்க."

"பொன்னிக்கு வாசனை இல்லியாமா?" என்று மங்கை தமிழில் சீறினாள். பிறகு, கோபம் என்று அந்த அம்மா எப்படிக் கண்டுபிடித்தாள் என்று யோசித்தாள். ராஜமாணிக்கம் பையைக் கைமாற்றிக்கொண்டார்.

அந்த அம்மாவின் பெயர் நா மூபோ. சோளக்கொல்லைகளுக்கு நடுவே மூன்று மணிநேரத் தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊர். பச்சை நிற வேனில் வருவாள், வேன் அந்த ஊர்த் தேவாலயத்தினுடையது. அவ்வளவுதான் மாய் யெருக்குத் தெரிந்தது. பத்துக் கட்டையும் பைக்குள் திணித்து, "அவங்ககிட்ட குடுத்துடு" என்றாள்.

வண்டியில் ஏறியதும் ராஜமாணிக்கம் கேட்டார். "வீட்டுக்கா, தெற்கயா?"

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் வண்டியைத் தெற்கே திருப்பினார்.

தேவாலயத்தில் விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன, மங்கையும் கழற்றிவிட்டாள். கதவைத் திறந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க உயரமான மனிதர், சா எடோ என்று பெயர், நாலு நாள் தாடி. மங்கை முதலில் அவர் கைவிரலைத்தான் பார்த்தாள். பனங்கிழங்கு மாதிரி நீளம். என்னவென்று அறிமுகம் செய்துகொள்வது? தெரிந்த ஆங்கிலத்தில், "நான்தான் உங்க வீட்டுச் சோறு" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார், கையில் இருந்த புளிச்சகீரையைப் பார்த்தார், கதவை முழுசாகத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் மூபோ உட்கார்ந்திருந்தாள். குட்டையான, உருண்டை முகப் பெண். வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் போலக் கிடந்தது. வாயின் வலப்பக்கம் இறங்கியிருந்தது. பக்கவாதம், பதினெட்டு நாள் ஆகிறது என்று எடோ தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து போன வாரம்தான் கூட்டிவந்தாராம். பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்றார்களாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த எதையும் வாயில் வாங்க மறுத்துவிட்டாளாம். சாப்பிடாவிட்டால் வயிற்றில் குழாய் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

"நீங்க அனுப்புறது மட்டும் சாப்பிட்டா. நான் தினமும் டப்பால எடுத்துட்டுப் போவேன். கஞ்சி வந்த அன்னிக்கு ரெண்டு கிண்ணம். மூடியத் திறக்கிறப்ப கண்ணை மூடிக்குவேன், இன்னிக்கு வெறுமையா இருந்தா என்ன பண்றதுன்னு." அவர் அடுப்படிப் பக்கம் கைகாட்டினார். "நான் அனுப்பினது நல்லா இல்லன்னு எனக்குத் தெரியும். அரிசி தீந்துட்டே வருது. இவளை விட்டுட்டுக் கடைக்குப் போக முடியல. ஆனா நான் வைக்கலன்னா உங்களுக்கு வெறும் பாத்திரம் வருமே. அதான் கொஞ்சமாவது போட்டேன்."

ராஜமாணிக்கம் தன் காலுறையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இதற்கு வார்த்தை தேடுவதைவிட உலை வைப்பது சுலபம். மங்கை நேராக அடுப்படிக்குப் போனாள். மூட்டையின் அடியில் கிடந்த கடைசி அரிசியை எடோ உதறிக் கொடுத்தார். அவர் பார்க்கட்டும் என்று நிதானமாகக் களைந்தாள், விரலை நிறுத்தினாள், அவர் விரலையும் பக்கத்தில் வைக்கச் சொல்லி, இதுவரைக்கும்தான், இதற்கு மேலே போகக் கூடாது என்று நகத்தால் கோடு கிழித்துக் காட்டினாள். குக்கரில் வைத்துப் பொத்தானை அமுக்கினாள். கீரையை வதக்கினாள். எடோ மனைவியை நாற்காலியோடு தள்ளிக்கொண்டுவந்து அடுப்படி வாசலில் நிறுத்தினார். இருபத்தைந்து நிமிடம் நாலு பேரும் குக்கரைப் பார்த்துக்கொண்டு, சரளமான பொது மொழி இல்லாமல், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள்.

பொத்தான் டக்கென்று மேலே எழும்பியது. மங்கை கிண்ணத்தைத் தயாராக வைத்துக்கொண்டு மூடியைத் திறந்தாள்.

துடைத்துவைத்த மாதிரி வெறும் பாத்திரம்.

எடோவின் முகம் வெளுத்துப்போனது. வீட்டிலிருந்த கடைசி அரிசி அது. அப்போது பின்னாலிருந்து ராஜமாணிக்கத்தின் குரல் கேட்டது.

"ஏய் மங்கை! அது நம்ம வீட்டுக்குல்லடி போயிருக்கும்! அங்க ஆளில்லாத வீட்ல கொதிக்கக் கொதிக்க உக்காந்திருக்கும்!"

சொல்லிவிட்டு அவர் சிரிக்கத் தொடங்கினார். மங்கைக்கும் பிடித்துக்கொண்டது; கரண்டியை வைத்துக்கொண்டு, சோறாக்கிப் போட மூன்று மணிநேரம் கார் ஓட்டி வந்து, இருந்ததையும் ஆளில்லாத வீட்டுக்கு அனுப்பிவிட்ட தன் புத்தியை நினைத்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்; எடோ அந்தத் திசையைப் பார்த்தார், குக்கரைப் பார்த்தார், அவருக்கும் புரிந்தது.

நாற்காலியிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. மூபோவின் வாயின் இடப்பக்கம் மட்டும் மேலே ஏறியிருந்தது. தோள் குலுங்கியது. இடது கையால் தொடையைத் தட்டித் தட்டி, பாதி முகத்தால், அவள் முழுச் சிரிப்பாகச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்து, மங்கையைப் பார்த்து, நாக்கைச் சிரமப்பட்டுத் திருப்பி, நாலைந்து எழுத்துக்கு ஏதோ சொன்னாள்.

எடோ சுவரைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு நாளில் முதல் வார்த்தை. கண்ணீர் தாடியில் வழிய அவர் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். அவள் சொன்னாள்.

"என்ன கேக்கிறாங்க?" என்றாள் மங்கை.

"சாப்பிட்டீங்களான்னு கேக்கிறா" என்றார் எடோ.

ராஜமாணிக்கம்தான் முன்னால் வந்து, மூபோவின் நாற்காலிக்கு எதிரே குனிந்து, புரியுமா புரியாதா என்றெல்லாம் பார்க்காமல் தமிழிலேயே பதில் சொன்னார்.

"இன்னும் இல்லம்மா. ரொம்பப் பசிக்குது. ரெண்டு வாரமா நல்ல சோறே கெடைக்கல."

பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டு, எந்த அரிசி வாங்குவது என்று எடோவிடம் கேட்டார்.